மகள் கேட்ட ஜன்னல்

கொத்து வேலையில் முப்பத்தைந்து வருஷம் கழித்தவருக்கு, உடன் வேலை செய்தவர்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: ரசமட்டம். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வார். டீக்கடை மேஜை ஆடினால், காகிதத்தை மடித்துக் காலடியில் கொடுத்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். “அவர் எதிர்ல தலையைச் சாய்ச்சு நிக்காதீங்கடா, நிமித்தி வெச்சுப் பூசிடுவார்” என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சொந்தப் பெயர் அவருக்கே எங்காவது கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும்.

மகள் போன பிறகு அந்தக் கிண்டலெல்லாம் நின்றுவிட்டது. ஒரே மகள். இருபத்தேழு வயது. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூச்சுக்குத் திண்டாடிவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது. பேரன் பேத்தி என்று ஒன்று இருந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போகவும் வரவும் ஒரு சாக்கு இருந்திருக்கும். அதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர். பேச்சையும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்துப் பேசுகிறவர். அன்றைக்கு அடுக்கு குலைந்திருந்தது.

“மாமா... எப்படி இருக்கீங்க? அத்தை நல்லா இருக்காங்களா?”

“இருக்கோம் மாப்ளே. சொல்லுங்க.”

“வேற யார் மூலமாவோ உங்க காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான்... அடுத்த மாசம் கடைசியில கல்யாணம் வெச்சிருக்காங்க மாமா. எனக்கு.”

“நல்லது மாப்ளே. எத்தனை நாளைக்குத்தான் தனியாக் கிடப்பீங்க” என்றார். வாய்தான் சொன்னது.

“வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தாரு மாமா. படுக்கையறை ஜன்னலுக்கு மேல பூச்சு வெடிச்சிருக்குல்ல, அதைச் சரி பண்ணாம அடிச்சா நிக்காதுன்னுட்டாரு. தட்டினா டொப்பு டொப்புன்னு கேக்குது. உங்களுக்குத் தெரிஞ்ச கொத்தனார் யாராவது இருந்தா அனுப்பி வைக்கிறீங்களா?”

“யாரையும் அனுப்ப வேணாம். நானே வர்றேன்.”

“நீங்க எதுக்கு மாமா...”

“நான் கட்டின வீடு மாப்ளே. நானே வர்றேன்.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்படி வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றதிலேயே தெரிந்தது.

“அவ உசிரோட இருந்து கூப்பிட்டப்போ போகத் தெரியல. இப்ப இன்னொருத்தி வந்து படுக்கிறதுக்குச் சுவரு பூசப் போறீங்களோ?”

மகள் மூன்று தடவை கூப்பிட்டது வாஸ்தவம். முதல் தடவை, “அப்பா, ஜன்னலுக்கு மேல கோடு விழுந்திருக்குப்பா” என்றாள். இரண்டாவது தடவை, “மழைத்தண்ணி உள்ள கசியுதுப்பா. சுவரெல்லாம் ஓதம், கை வெச்சா ஜில்லுங்குது” என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர், “இந்தத் தளம் போட்டு முடிச்சதும் வர்றேம்மா” என்றே சொன்னார். மூன்றாவது தடவை அவள் சிரித்துவிட்டாள். “ஊர்ல இருக்கிற சுவரெல்லாம் மேஸ்திரி கண்ணுக்குத் தெரியுது, மக வீட்டுச் சுவரு மட்டும் தெரியல, அப்படித்தானே?” அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. மேஸ்திரிக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது, அதனால் போகவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினார். மாப்பிள்ளை சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “மதியத்துக்கு மேல சீக்கிரம் வந்துடறேன் மாமா” என்று கிளம்பிவிட்டார். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. பெயிண்டுக்காகச் சாமான்களை எல்லாம் நடுவில் குவித்துப் பழைய துணி போட்டு மூடியிருந்தார்கள். சுவிட்சுப் பலகையில் மட்டும் பேனாவால் எழுதிய மகளின் கையெழுத்து அப்படியே இருந்தது: ‘மோட்டார். அரை மணி நேரம்தான்!’ அந்த ஆச்சரியக்குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை நகர்த்தினார்.

சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடம் ஒரு மாதிரி கேட்கும், பூச்சு சுவரை விட்டுவிட்ட இடம் காலி டப்பா மாதிரி கேட்கும். காலியாகக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தார். வளைத்து முடித்தபோது ஜன்னலின் வலது மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வந்திருந்தது. விரிசல் அந்த மூலையில் தொடங்கிச் செங்கல் செங்கலாகப் படி ஏறுவது போல மேலே போயிருந்தது.

உளி வைத்ததும் பூச்சு அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்துப் போயிருந்தது. வலது மூலையைக் கொத்தித் திறந்தார். ஜன்னலுக்கு மேல் போட்ட லிண்டல், அதாவது மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டை, இடது பக்கம் முக்கால் அடி சுவருக்குள் போய் நன்றாக உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் மூன்று விரல். மூன்றே விரல்.

திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அது அவர் கை செய்த வேலை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், லிண்டல் போட்டு இறுகிய பிறகு, ஒரு மத்தியானம் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டடத்துக்கு வந்தாள். வெறும் சுவருக்கு நடுவே நின்று அந்தத் திறப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “என்னப்பா இது, ஒருத்தர் எட்டிப் பார்க்கிற அளவுக்குத்தான் இருக்கு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு பார்க்கணும்பா.”

“லிண்டல் போட்டாச்சும்மா. இனிமே கை வைக்கக் கூடாது.”

“ஒரே ஒரு கல்லுப்பா. ஒரு கல்லு எடுத்தா வீடா விழுந்துடும்?”

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தார். பிறகு வலது பக்கத்தில் வரிசைக்கு ஒரு கல்லாக எடுத்துவிட்டார். அதற்குத் தகுந்தாற்போலப் பெரிய சட்டமாகச் செய்து மாட்டினார். லிண்டலின் முனை கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்பது தெரிந்தது. ‘பூசிட்டா தெரியாது’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதற்காக ஒரு தடவை ஒரு கொத்தனாரை நடுவேலையில் வெளியே அனுப்பியவர் அவர்.

அதனால்தான் மகள் முதல் தடவை ஃபோன் செய்தபோதே அவர் பயந்துபோனார். போனால் சுவரைத் திறக்க வேண்டும். திறந்தால் மாப்பிள்ளை பார்ப்பார், “இது என்ன மாமா இப்படி?” என்று கேட்பார். ரசமட்டம் கட்டிய வீட்டில் லிண்டல் மூன்று விரலில் நிற்கிறது என்ற பேச்சு வரும். இந்த மழை போகட்டும், ஆறப் போட்டுப் பார்க்கலாம் என்றே தள்ளிக்கொண்டு போனார். அந்த மழையில்தான் அவள் படுத்தாள். கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

மூன்று மணி வாக்கில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் டேப்பும் நோட்டுமாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“மேஸ்திரி, வேலை நடக்குதுன்னு சொன்னாங்க. திரைத்துணிக்கு ஜன்னல் அளவு எடுக்கலாம்னு வந்தேன். தொந்தரவு இல்லையே?”

மாப்பிள்ளை கட்டிக்கொள்ளப்போகிற பெண்தான், யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏணியை விட்டு இறங்கி வழி விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஆளை ஏறிட்டுப் பார்க்கும்போது, கண்ணுக்கு என்ன நம்பர் என்று கணக்குப் போடுகிறவள் போல ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்கு வந்திருப்பது மாமனார்தான் என்று மாப்பிள்ளை அவளிடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல எப்படி வாய் வரும்?

அளவு எடுத்துவிட்டும் அவள் போகவில்லை. முனைக்கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மணல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். திறந்து கிடந்த சுவரையே பார்த்தாள்.

“ஏன் மேஸ்திரி இப்படி வெடிச்சுது? வீடு ஒண்ணும் பழசில்லையே.”

“கட்டினவன் செஞ்ச தப்பும்மா. மேல இருக்கிற பாரம் இந்த முனையில வந்து இறங்குது. இறங்குற இடத்துல பிடிமானம் பத்தல. வருஷத்துக்கு ஒரு மயிரிழை கீழ வந்திருக்கு. பூச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

“முதல்ல இருந்தவங்களோட அப்பாதான் கட்டினாராமே. ரொம்ப நல்ல வேலைக்காரர்னு கேள்விப்பட்டேன்.”

“நல்ல வேலைக்காரன்தான்.” டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மக கேட்டான்னு போட்ட லிண்டலுக்கு அடியில கல்லை உருவிட்டான். வெளியில சொல்ல வெக்கம். பொண்ணு மூணு தடவை ஃபோன் பண்ணிச் சொல்லிச்சு, தண்ணி வருதுப்பா, சுவரு ஜில்லுங்குதுப்பான்னு. இவனுக்குக் காரணம் தெரியும். தெரிஞ்சும் வரல. அந்த ஓதத்துலயே படுத்துக் கிடந்து, நெஞ்சுல சளி கட்டி...”

இத்தனை நாளில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம், அதுவும் இவளிடம், எப்படிக் கொட்டினோம் என்று அவருக்கே புரியவில்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா மேஸ்திரி?”

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மாமா.”

மாப்பிள்ளை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், பூச்சுத்தூள் படிந்த மேஸ்திரியின் கைகளைப் பார்த்தாள். சட்டென்று மூட்டைமேலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை உள்ளே வந்து சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அலுவலக உடுப்பு தூசியாவது அவருக்குத் தெரியவில்லை.

“என்கிட்டயும் சொன்னா மாமா. பக்கத்துத் தெருவுல ஒரு கொத்தனார் இருக்காரு, கூப்பிடுங்கன்னா. நான்தான் வேணாம்னேன். மாமா கட்டின வீட்டுல இன்னொருத்தர் உளி வெச்சா அவர் மனசு சங்கடப்படும், அவரே வரட்டும்னு சொன்னேன். உங்க மேல மரியாதையாம்!” ஒரு மாதிரி சிரித்தார். “கட்டிலையாவது இழுத்து அந்தப் பக்கம் போட்டிருக்கலாம். நாலு அடி மாமா. நாலு அடி நகர்த்தியிருந்தா போதும்.”

“அதனாலதான்னு டாக்டர் சொன்னாரா மாப்ளே?”

“நான் கேக்கல மாமா. கேக்க பயம். நீங்க கேட்டீங்களா?”

“இல்ல.”

ஒன்றேகால் வருஷம் ஒருத்தரை ஒருத்தர் தவிர்த்துக்கொண்டு வந்தது எதனால் என்று இரண்டு பேருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கியது. விளங்கி என்ன? பாரம் பாதியாகவில்லை. அவரவர் பங்கு அவரவரிடம் முழுசாகவே இருந்தது.

அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். “ஐயா, தெரியாம மேஸ்திரின்னு...”

“அதுதாம்மா என் தொழில்.”

“இந்த அறை எனக்கு வேணாம், எதிர் அறையில இருக்கலாமான்னு இவங்ககிட்டக் கேக்கத்தான் வந்தேன். திரைத்துணியெல்லாம் சும்மா ஒரு சாக்கு. ஒருத்தங்க இருந்த இடத்துல எப்படி இருக்கிறதுன்னு ஒரு பயம். நீங்களே சொல்லுங்க. நான் இங்க இருக்கலாமா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை. அவளுக்கும் எங்கேயோ ஓர் அப்பன் இருப்பான் என்ற நினைப்புத்தான் வந்தது.

“இருக்கிறது இல்லாததை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. ஆனா பூசி முடிச்சு ஒரு வாரம் தண்ணி விடணும், அப்புறம் ஒரு மாசம் காயணும். சுவரு எலும்பு வரைக்கும் காயற மட்டும் இந்த அறையில யாரும் படுக்கக் கூடாதும்மா. யாரும் படுக்கக் கூடாது.” அதட்டுகிற மாதிரி இருந்ததே தவிர அது அதட்டல் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. “சரிங்கய்யா” என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளை லீவு போட்டார். பட்டறையில் வெட்டிய இரண்டு இரும்பு ஆங்கிள்களை, ‘எல்’ வடிவச் சட்டங்களை, இருவருமாகச் சுமந்துகொண்டு வந்தார்கள். மேலே முட்டுக் கொடுத்துவிட்டு, லிண்டலுக்கு அடியில், இரண்டு பக்கமும் முக்கால் அடி சுவருக்குள் போகிற மாதிரி துளைத்து இரும்பை ஏற்றினார்கள். ஒரு முனை மாமனார் தோளில், மறுமுனை மருமகன் தோளில். “தூக்குங்க மாப்ளே”, “கொஞ்சம் உங்க பக்கம் மாமா”, “போதும்”, இதுதான் அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு. இடுக்கில் எல்லாம் கலவையைத் திணித்து அடைத்தார். அது இறுகட்டும் என்று அதற்கடுத்த நாள் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சுவரை நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, செங்கல்லும் கான்கிரீட்டும் சேருகிற கோட்டின் மேல் கம்பி வலை வைத்து ஆணி அடித்து, முதல் பூச்சுப் பூசிக் கரண்டி முனையால் கீறிவிட்டார். சனிக்கிழமை மேல்பூச்சு. மட்டப்பலகையால் தேய்த்து இறக்கியபோது பழைய சுவருக்கும் புதுசுக்கும் நிறம்தான் வேறு, விரலால் தடவினால் இடம் கண்டுபிடிக்க முடியாது. அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, பைக்குள்ளேயே கிடந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மாப்பிள்ளை கூடவே வந்தார். பையை அவரே தூக்கிக்கொண்டார்.

“மாமா, கல்யாணத்துக்கு...”

“வர மாட்டோம் மாப்ளே. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. அத்தையால முடியாது. என்னாலயும் முடியாது.”

“தெரியும் மாமா.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இனிமே சுவத்துல ஏதாவதுன்னா?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கத்துத் தெருக் கொத்தனாரைக் கூப்பிடுங்க. அவர் செய்வார்.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாப்பிள்ளை கையை ஆட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்தவர் மாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கல்லை உருவியது, ஃபோன் வந்தபோது பயந்தது, மாப்பிள்ளை சொன்னது, ஒன்று விடாமல் சொன்னார். திட்டுவாள், அடிப்பாள் என்று கூட நினைத்தார். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அவகிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றாள் கடைசியில்.

“எதை?”

“தப்புப் பண்ணிட்டேன்மா, அதான் வரக் கூச்சமா இருக்குன்னு. ஒரு வார்த்தை. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. நீங்க ஒரு தப்புப் பண்ணீங்கன்னு தெரிஞ்சா அவளுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்! அதுவும் அவளுக்காகப் பண்ண தப்பு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில கூட என்கிட்டச் சொன்னா. ‘அப்பாவுக்கு எனக்குன்னு ஒதுக்க நேரம் இல்லம்மா’ன்னு. நானும் ஆமான்னு சொன்னேன். அப்படி நினைச்சுக்கிட்டேதாங்க போனா.”

ஓதம், லிண்டல், மூன்று விரல் என்று இத்தனை நாள் அவர் எதை எதையோ நினைத்து மருகியிருந்தார். இது அவருக்குத் தோன்றவேயில்லை. அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மகளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சமாதானம் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

கல்யாணத்தன்றைக்கு அவர் ஒரு தண்ணீர்த்தொட்டிக்கு உள்பூச்சுப் பூசும் வேலையை வலிய ஏற்றுக்கொண்டார். தொட்டிக்குள் இறங்கிவிட்டால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. மத்தியானம் மேலேயிருந்து யாரோ, “மேஸ்திரி, உங்க வீட்டுல வந்திருக்காங்க” என்று குரல் கொடுத்தார்கள். நம்பாமல் ஏறி வந்து பார்த்தார். கல்யாணமான நாளாக அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தடவைகூட வந்திராத மனைவி, வெயிலில் முகம் சிவந்து, தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வீட்டுல தனியா இருக்க முடியல” என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். செங்கல் அடுக்கின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் இரண்டு தட்டு கொண்டுவந்திருந்தாள்.